பசுவின் காசில் ஓடும் சவாரி

மாட்டுவண்டிச் சவாரி ஓடி முடிய ஒரு நிமிடம் போதும். கொடி அசையும், இரண்டு சோடிகள் பக்கம் பக்கமாகப் பாயும், புழுதி அடங்குவதற்குள் எது முந்தியது என்று ஒலிபெருக்கி சொல்லிவிடும். வண்டிலில் இருந்தவர் குதித்து இறங்கி மாட்டின் கழுத்தைத் தட்டிக் கொடுப்பார். பிறகு மேடை, கேடயம், காசு, மாலை, படம். பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் பிறகு வருகிற விடுமுறை நாட்களில் இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் போனால் எங்கேயாவது ஒரு திடலில் இதைப் பார்க்கலாம்.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. வருடத்தின் மிச்ச நாட்களைப் பற்றித்தான் பேச்சில்லை. சவாரி மாடு திடலில் வளர்வதில்லை. குசினிக்குப் பின்னால், கிணற்றடிக்குப் பக்கத்தில் போட்ட கொட்டிலில் வளர்கிறது. விடியப்புறம் தண்ணி வைப்பது, பிண்ணாக்கு ஊறப் போடுவது, சாணி அள்ளுவது, மாடு தீன் எடுக்காவிட்டால் இரவில் ரோச் லைற் பிடிப்பது என்று ஒரு வீடே அதன் பின்னால் ஓடுகிறது. மேடையில் வாசிப்பது மட்டும் ஒரேயொரு பெயரை.

குதிரை வளர்க்கிற ஊர்களிலும் கதை இதுதான். மேற்கு நாடுகளில் கிராமத்துக் குடும்பங்கள் சனிக்கிழமை விடியவே குதிரையை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போட்டிக்குப் புறப்படும். பின் இருக்கையில் பிள்ளை பாடம் படிக்கும். தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவோடு கூடும் சந்தைக்குக் கத்தியவார், மார்வார் குதிரைகளைக் கொண்டு வருகிறவர்கள் பல நாள் வீட்டை விட்டுத்தான் வருகிறார்கள். இலங்கையில் குதிரை என்றால் நுவரெலியாவின் ஏப்ரல் மாதப் பந்தயம். தமிழருக்கு நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளும் ஒல்லாந்தர் காலத்து லாயத்தின் இடிபாடும். வன்னிக்குக் குதிரை வாய்க்கவில்லை. நாம்பன் மாடு வாய்த்தது.

சவாரிப் பைத்தியம் என்றால் யாழ்ப்பாணத்தான் என்றுதான் பெயர். 'சிரித்திரன்' சுந்தர் தினகரன் பத்திரிகையில் வரைந்த கருத்தோவியப் பாத்திரத்துக்குச் 'சவாரித் தம்பர்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அப்படி ஒரு தம்பர் குடாநாட்டின் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார். இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேற்றங்கள் உருவானபோது அந்தத் தம்பர்மாரும் ஆனையிறவு தாண்டினார்கள். காணி இல்லாத குடும்பங்களுக்கு உருத்திரபுரத்திலும் வட்டக்கச்சியிலும் நிலம் கிடைத்தது. பிறகு முத்தையன்கட்டு, விசுவமடு என்று படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. வந்தவர்கள் மண்வெட்டியோடு மாட்டையும் கொண்டு வந்தார்கள்.

இங்கே ஏற்கெனவே இருந்த வன்னிச் சனத்துக்கு மாடு என்பது வேறு கணக்கு. அவர்களிடம் இருந்தது பட்டி. காட்டோரத்து மாட்டுக்காலையில் அடைத்து, காட்டிலும் குளத்துப் புட்டியிலும் மேயவிட்டு, எத்தனை மாடு என்று கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்கிற வளர்ப்பு. காட்டில் முரடாகிப்போன குழுமாட்டை வார்க்கயிறு எறிந்து பிடிப்பது வன்னி இளைஞனின் பழைய வீரம். இரண்டு மாட்டைப் பெயர் சொல்லி, கட்டிவைத்து, குளிப்பாட்டி, சோடி பார்த்து வளர்க்கிற யாழ்ப்பாணத்துப் பழக்கமும், பட்டிக்குள் நின்று எந்தக் கன்று ஓடும் என்று கண்ணால் அளக்கிற வன்னிப் பழக்கமும் கலந்ததுதான் இன்றைய வன்னிச் சவாரி. இந்தக் கலப்பால் இரண்டு பக்கமும் மாடு அறிந்தவர்களாகிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

மாடு தெரிவதில் இருந்து வீட்டுக்குள் சண்டை தொடங்கும். சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், நெஞ்சு அகலம், கால் நேர், வாலின் நீளம் பார்ப்பார்கள். ஒரு நல்ல நாம்பன் கிடைத்தால் மட்டும் போதாது. அதே உயரத்தில், அதே எட்டில் கால் வைக்கிற இன்னொன்று வேண்டும். இடத்தன் இடத்தனாகவே நிற்க வேண்டும், வலத்தன் வலத்தனாகவே நிற்க வேண்டும். பக்கம் மாற்றிப் பூட்டினால் இரண்டும் நின்றுவிடும். அந்த இரண்டாவது மாட்டைத் தேடி மன்னார் வரைக்கும், மூதூர் வரைக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் மாடு ஏற்ற அனுமதிப் பத்திரம் வேண்டும், லொறிக் கூலி வேண்டும், மாட்டின் விலையோ லட்சக் கணக்கில். இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பது வீட்டுக்காரிக்குத்தான் வெளிச்சம். பெரும்போக நெல் விற்ற காசாக இருக்கலாம், கூட்டுறவுக் கடனாக இருக்கலாம், அடைவில் இருக்கிற அவளுடைய சங்கிலியாகவும் இருக்கலாம். முழுச் சோடிக்கு வழியில்லாத இருவர் ஆளுக்கொரு மாடு வைத்துச் சேர்ந்து ஓடுவதும் உண்டு. அப்போது இரண்டு வீட்டுக்காரிகள்.

இனித் தீன். வைக்கோல், தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, உழுத்தங்கோது, குழை எல்லாம் சாதாரண மாட்டுக்கும் உள்ளதுதான். சவாரி நெருங்கினால் அதற்கு மேல் உழுந்தை அரைத்துக் கரைத்து, முட்டை உடைத்து ஊற்றி, நல்லெண்ணெய் விட்டு, தலையை அண்ணாந்து பிடித்துப் போத்தலால் பருக்குவார்கள். பெரியபிள்ளையான பெட்டைக்கு வீட்டில் கொடுக்கிற அதே சாப்பாடு. "இஞ்சேருங்கோ, மாட்டுக்கு நாலு முட்டை, பிள்ளைக்கு ஒண்டு இல்லையோ?" என்ற கேள்வி எழாத சவாரி வீடு வன்னியில் குறைவு. அதற்குச் சொல்லப்படும் பதிலும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "இஞ்சாரும், பரிசு வந்தால் எல்லாம் பிள்ளையளுக்குத்தானே."

பரிசு வரும், சில வேளை. வந்தாலும் லொறிக் கூலி, கூட வந்த பெடியளின் சாப்பாடு, வண்டில் திருத்திய காசு, கேட்டிக் கம்பு பிடித்தவருக்குக் கைவிசேடம் என்று திடலிலேயே கரைந்துவிடும். உண்மையான வரவு கொட்டிலின் மற்றப் பக்கத்தில் நிற்கிறது. பசு. பெரும்பாலான சவாரி வீடுகளில் ஒன்றிரண்டு பசுவாவது இருக்கும். விடியப்புறம் கறந்து, பால் சேகரிப்பு நிலையத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் ஊற்றி, கிழமைக்கோ மாதத்துக்கோ ஒருமுறை காசு வாங்குவது பெண்கள் அல்லது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அந்தக் காசில் கொப்பி வாங்குவார்கள், கறிக்குச் சாமான் வாங்குவார்கள், அதற்கு இடையில் ஒரு பிண்ணாக்கு மூடையும் வாங்குவார்கள். மூடையில் பாதி பசுவுக்கு என்று சொல்லித்தான் வருகிறது. எந்தப் பக்கம் கூடப் போகிறது என்பது கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். பசுவின் காசில் எருது தின்கிறது. சவாரியின் வரவு செலவைக் கமநல சேவை நிலையத்திலும் எழுதமாட்டார்கள், சவாரிச் சங்கத்திலும் எழுதமாட்டார்கள். எழுதினால் முதல் வரி இதுவாகத்தான் இருக்கும்.

நாட்காட்டியைப் பார்த்தால் இன்னும் விளங்கும். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. கார்த்திகை, மார்கழி மழை. வளவெல்லாம் சேறு, கொட்டிலுக்குள் புகை போடாவிட்டால் நுளம்பும் இலையானும் மாட்டை நிற்க விடாது. ஈரத்தில் நிற்கிற குளம்பு அழுகாமல் பார்க்க வேண்டும். தை பிறந்தால் பட்டிப்பொங்கல். கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை, நெற்றிக்குக் குங்குமம். அந்த ஒரு நாள் மாட்டுக்கு முன்னால் வீட்டில் எல்லோரும் ஒற்றுமை. அதோடு நெல்லு வெட்டுத் தொடங்கும், சவாரியும் தொடங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுதான் கரைச்சல். வெட்டு இயந்திரத்துக்கு முறை கிடைக்கிற நாளும் திடலில் சோடி ஓடுகிற நாளும் ஒன்றாகிவிட்டால் எதற்குப் போவது? போனவர்களும் இருக்கிறார்கள், நின்றவர்களும் இருக்கிறார்கள். போனவரின் வயலில் நின்று மூடை எண்ணி ஏற்றிவிட்டது யார் என்று கேட்கத் தேவையில்லை.

வைக்கோலிலும் ஒரு சிக்கல் உண்டு. சூடு அடித்த காலத்தில் களத்து மேட்டிலேயே வைக்கோல் போர் ஏறிவிடும். இப்போது இயந்திரம் வயலெல்லாம் சிதறிவிட்டுப் போகிறது. மழை தூறுவதற்கு முன் அதைக் கூட்டி, கட்டி, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பலர் அங்கேயே கொளுத்திவிடுகிறார்கள். மாடு வைத்திருக்கிற வீடு கொளுத்தாது. அது பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு வேலை.

பிறகு பழக்குவது. காலையும் பின்னேரமும் வாய்க்கால் கரையிலும் மணல் ஒழுங்கையிலும் நடத்துவார்கள், பாரம் ஏற்றி இழுக்க விடுவார்கள், குளத்தில் நீந்தவும் விடுவார்கள். சவாரித் திருக்கல் பார வண்டில் மாதிரி இல்லை. மெல்லிய சட்டம், நேர்த்தியான சில்லு, துலாவும் நுகமும் மாட்டின் உயரத்துக்கு அளந்து செய்தவை. அதைச் செய்யத் தெரிந்த தச்சர்மார் குறைந்துகொண்டு வருகிறார்கள். லாடன் அடிப்பவர்களும் அப்படியே.

லாடன் அடிப்பதை ஒரு தரம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். மாட்டைச் சுற்றிக் கயிறு போட்டு இழுத்தால் அது மெதுவாகக் கால் மடங்கிச் சாயும். சாய்ந்த கணமே ஒருவர் கழுத்தில் முழங்காலை ஊன்றித் தலையைப் பிடிக்க, இன்னொருவர் நாலு காலையும் சேர்த்துக் கட்டுவார். குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு; நாலு காலுக்கும் அடித்தால் எட்டு, சோடிக்குப் பதினாறு. வாய்க்குள் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, உளியால் குளம்பைச் சீவி, தகட்டை வைத்து அடிக்கிற அந்தக் கைக்கு ஒரு நூல் பிசகக்கூடாது. ஆணி தசையில் இறங்கினால் அந்த வருடச் சவாரி போயிற்று. மாட்டின் கண்ணை மறைத்துக்கொண்டு, காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு தலைமாட்டில் இருக்கிறது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளை. மாடு அந்தக் குரலுக்குத்தான் அடங்கும். சோடிக்காரரின் குரலுக்கு அல்ல. அவரை அது கேட்டியோடு மட்டுமே கண்டிருக்கிறது.

கேட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. துவரங்கேட்டியால் தட்டுவது பழைய முறை. நுனியில் ஆணி வைத்துக் குத்துவதும் பழைய முறைதான், ஆனால் பழையது என்பதற்காக அது நல்லதாகிவிடாது. சவாரி முடிந்து கொட்டிலுக்கு வந்த மாட்டின் பின் தொடையில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுகிறவர்களிடம் கேட்டால் இந்த விடயத்தில் பாரம்பரியம் பற்றிப் பேசமாட்டார்கள். இந்தியாவில் மாட்டுக்குக் கொடுமை என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 மே 7இல் ஜல்லிக்கட்டும் மாட்டுவண்டிப் பந்தயமும் தடையாயின. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர் கூடினார்கள், தமிழ்நாடு சட்டம் திருத்தியது, 2023 மே 18இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் செல்லுபடியானது விதிகளோடுதான். வாடிவாசலுக்கு முன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும், மது, மிளகாய்ப் பொடி கூடாது. இலங்கையில் விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டம் 1907ஆம் ஆண்டுடையது. அதில் தண்டப்பணம் கூடியது நூறு ரூபாய். ஒரு கிலோ பிண்ணாக்கின் விலையோடு வைத்துப் பாருங்கள். சட்டம் வரும் வரை காத்திராமல் ஆணிக் கேட்டியைக் கண்டால் சோடியை விலக்குகிற ஏற்பாட்டாளர்கள் இருப்பது நல்ல காரியம். அது எல்லாத் திடலுக்கும் பொதுவான விதியாக வேண்டும். சவாரியை நேசிப்பவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சவாரியை அறியாதவர்கள் ஒருநாள் மொத்தமாக நிறுத்துவார்கள்.

'உழவு இயந்திரம் வந்த பிறகு எருது எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெரிய உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்ரரும் வயலில் இருந்து எருதைக் கலைத்துவிட்டன. பால் கூட வேண்டும் என்று ஜேர்சிக் கலப்புகள் வந்தன. அந்த வழிவந்த நாம்பன் கன்று பாரம் இழுக்கவும் உதவாது, ஓடவும் உதவாது. நாட்டு நாம்பனை இறைச்சிக்கு விற்காமல் ஒரு வீடு கட்டிவைத்துத் தீன் போடுகிறது என்றால் இன்றைக்கு அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் சவாரிதான். 1990களில் பொருளாதாரத் தடை போட்டு எரிபொருள் வராமல் நின்றபோது வன்னியும் குடாநாடும் சைக்கிளிலும் வண்டிலிலும்தான் நகர்ந்தன. 2022இல் டீசல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது திரும்பவும் மாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஆனால் கலப்பை பிடிக்கத் தெரிந்த கை அதற்குள் முதுமைக்குப் போயிருந்தது. கொட்டிலில் நின்ற சோடிக்கு ஓடத் தெரியும், உழத் தெரியாது.

2009ஐத் தாண்டாமல் வன்னி மாட்டின் கதை முடியாது. 2008 முழுதும் போருக்குப் பயந்து மேற்கிலிருந்து கிழக்காக இடம்பெயர்ந்த சனம் தொடக்கத்தில் மாட்டையும் சாய்த்துக்கொண்டுதான் போனது. வண்டில் பூட்டிப் பாத்திரம் பண்டம் ஏற்றியவர்களும் உண்டு. 2009 ஜனவரி தொடக்கத்தில் கிளிநொச்சி இராணுவத்தின் கையில் விழுந்த பிறகு போகிற இடமெல்லாம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. வைக்கோல் இல்லை, தண்ணி இல்லை, செல் விழுகிற இடத்தில் மாட்டைக் கட்டிவைக்கவும் முடியாது. கயிற்றை அறுத்துவிட்டுப் போனார்கள். மே மாதம் எல்லாம் முடிந்து மூன்று லட்சம் அளவான சனம் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டது. காட்டுக்குப் போன மாடுகள் பல மறுபடி குழுமாடாகின.

மீள்குடியேறியவர்கள் முதலில் தேடிய பொருட்களில் மாடும் ஒன்று. குறி சுட்ட எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட, காட்டோரத்தில் மேய்ந்த மாடு தலை தூக்கிப் பார்த்ததைச் சொல்பவர்களும் உண்டு. தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு, வீட்டுத்திட்டக் காசு வரும் முன்பே மாட்டுக்குக் கொட்டில் போட்ட மனிதர்களைப் பற்றி அதிகாரிகள் அப்போது சிரித்திருக்கலாம். சவாரிகள் மீண்டும் தொடங்கியபோது அவற்றில் பல, இறந்த ஒருவரின் ஞாபகார்த்தமாகவே நடந்தன. இன்றும் நோட்டீசுகளில் அப்படித்தான் இருக்கிறது. செலவைப் பொறுப்பேற்பவர் கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் மகன் அல்லது மருமகன்; அவர் ஓட்டத்தைப் போனில் பார்க்கிறார். சோடிகளை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து ஓடவிடுவதால் பிற்பகல் முழுதும் திடல் கலகலக்கும்.

ஆண் துணை இல்லாமல் பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் போருக்குப் பிறகு வன்னியில் பெருகின. அந்த வீடுகளில் சவாரி மாடு அரிது, பசு உண்டு. அங்கே பசுவின் காசு பிள்ளைகளுக்கே போகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் சவாரி வீடுகளின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டுகிறது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற இரண்டு நாட்களில் அடித்த குளிர்காற்றையும் மழையையும் வன்னியில் யாரும் மறக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடு ஆடுகள் விறைத்துச் செத்தன. நோயோ என்று பயந்தார்கள். கடுங்குளிரே காரணம் என்று பரிசோதனையில் தெரியவந்தது. வெளியில் அடைத்து நின்ற பட்டி மாடுகள்தான் விழுந்தன. விதைத்த காலத்தில் வயலுக்குள் விட முடியாது, காட்டுக்குள் விட்டால் வனத் திணைக்களம், மேய்ச்சல் தரை ஒதுக்கித் தாருங்கள் என்ற கோரிக்கைக்கு வயது பல. போக இடமில்லாமல் வெட்டையில் நின்ற மாடுகள் அவை. சவாரிச் சோடிக்கு அந்த இரவும் கூரை இருந்தது. சாக்கை மேலே போட்டு, அடுப்பு நெருப்பைக் கொட்டில் வாசலுக்குக் கொண்டுவந்து, விடியும் வரை முழித்திருந்த வீடுகள் இருந்தன. மாட்டுக்கு இவ்வளவு செலவா என்று வருடம் முழுதும் நச்சரித்தவர்களே அன்றைக்கு நெருப்பு மூட்டினார்கள்.

ஓடி முடிந்த மாட்டை என்ன செய்வது என்பதுதான் சவாரி வீட்டின் கடைசி வழக்கு. எருது என்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்காது. கால் தளர்ந்ததும் தரம் இறங்கும், பிறகு திடலுக்கே போகாது, தீன் மட்டும் குறையாது. ஒரு நாள் இரவில் யாபாரி வருவார். விலை நல்லதாகத்தான் இருக்கும். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று எவரும் கேட்கமாட்டார்கள், தெரியும். இந்த இடத்தில்தான் வழமை தலைகீழாகிறது. கொண்டாடி வளர்த்த சோடிக்காரர் கணக்குப் பார்ப்பார். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி மறிப்பாள். நிற்க வைத்துச் சாகும் வரை தீன் போட்டு, செத்தபின் வளவுக்குள் தாட்டுத் தென்னம்பிள்ளை வைத்த வீடுகளும் இருக்கின்றன. புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்கு நேர்ந்துவிட்டதால் விற்க முடியாது என்று பொய் சொல்லி யாபாரியை அனுப்பிய பெண்களும் இருக்கிறார்கள் என்கிறார்கள். தம்பிரான் அதைப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

அதோடு மனுசன் சத்தியம் பண்ணுவார், இனிச் சவாரி இல்லை, இதோட சரி என்று. கொட்டிலில் பசு மட்டும் நிற்கும், பால் காசு முழுதாகக் கைக்கு வரும், மகளின் ரியூசனுக்கும் வீட்டு ஓட்டுக்கும் போகும். ஒரு வருடம் அப்படி ஓடும். அடுத்த சித்திரையில் பக்கத்து ஊரில் சவாரி என்று நோட்டீசு வரும். "சும்மா பார்க்கத்தான் போறன்" என்று சேட்டைப் போட்டுக்கொண்டு போனவர், பின்னேரம் இரண்டு பல்லுப் போட்ட ஒரு சிவலை நாம்பனைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். அவளும் ஒன்றும் பேசமாட்டாள். தவிட்டு மூடை இப்போது என்ன விலை என்று அவள் போன கிழமையே கடையில் கேட்டு வைத்திருக்கிறாள்.